நல்லா இருக்குய்யா, நுழையத்தான் முடியல

எய்யா பேராண்டி, நீ கட்டி முடிச்ச இணையதளத்தைப் பாத்தேன். ரொம்ப நல்லா இருக்கு. இந்தக் கரிசக்காட்டுல எந்தப் பயலாலயும் உள்ள நுழைய முடியாதபடிக்கு அம்சமாக் கட்டியிருக்கே. களவாணியும் நுழைய முடியாது, காசு கட்ட வந்தவனும் நுழைய முடியாது. பாதுகாப்புன்னா இதுல்ல பாதுகாப்பு! ஒங்க கம்பெனியில இதுக்குச் சம்பளம் குடுத்ததோட விட்டுட்டாகளா, பொன்னாடையும் போத்துனாகளா?

கோவிச்சுக்கிடாத. கெழவனுக்குப் பொழுது போகல, பேசுதேன். ஒந் தங்கச்சி வேற பக்கத்துல உக்காந்து, ஒன் தொழிலைப் பத்திப் போன்ல எதையாவது வாசிச்சுக் காட்டிக்கிட்டே இருக்கா. நான் யாரு? தலை நரைக்கிற மட்டும் கிளைத் தபாலாபீசுல உக்காந்து ஊர்ச்சனத்துக்கு மணியார்டர் பாரம் நிரப்பிக் குடுத்தவன். எந்தக் கட்டத்துக்கு வந்ததும் ஆளு முழிப்பான், எந்த இடத்துல பேனா நிக்கும், எல்லாம் எனக்கு அத்துபடி. அனுப்புறவன் பேரு எழுதவேண்டிய இடத்துல வாங்குறவன் பேரை எழுதிட்டு நிப்பாக. அவுகளை வைய முடியுமா? பாரத்தை நீட்டும்போதே, கையெழுத்துப் போடவேண்டிய இடத்துல பென்சிலால சின்னதா ஒரு பெருக்கல் குறி போட்டு நீட்டிருவேன். அதுக்கப்புறம் தகராறே கெடையாது. ஒன் படிப்புல இந்தப் பென்சில் குறிக்கு என்னமோ நீளமா ஒரு பேரு வச்சு, கோட்டு மாட்டிக்கிட்டு மாநாடு போடுதாகளாமே!

மேல மூலையில மூணு கோடு போட்டிருக்கே பாரு, திருநீத்துப் பட்டைன்னு நெனச்சுக் கையெடுத்துக் கும்பிட்டேன். பக்தியுள்ள பிள்ளை, தளத்துக்கு நெத்தி நெறைய விபூதி பூசியிருக்கான்னு பெருமையாக்கூட இருந்துச்சு. ஒந் தங்கச்சிதான் சிரிச்சுக்கிட்டே சொன்னா, தாத்தா, அதைத் தொட்டாத்தான் உள்ள என்னென்ன இருக்குன்னே தெரியும்னு. 1981-ல ஜெராக்ஸ் கம்பெனி ‘ஸ்டார்’னு ஒரு கம்ப்யூட்டர் போட்டப்ப, நார்ம் காக்ஸ்னு ஒருத்தரு அதுக்காக வரைஞ்ச படமாம். ஆபீசுல உக்காந்து வேலை பாக்கவுகளுக்காக வரைஞ்சது, சுத்திச் சுத்தி நம்மூர் மந்தைக்கு வந்து சேந்திருக்கு. வரட்டும், வேண்டாங்கல. அதுக்குப் பக்கத்துல ‘மெனு’ன்னு ஒரு சொல்லு எழுதினா ஒங்க ஆபீசுல அபராதமா போடுவாக?

எழுத்துன்னு சொன்னதும் ஞாபகம் வருது. வெள்ளை மேல இளஞ்சாம்பல்ல எழுதியிருக்கே. உண்டுன்னும் சொல்ல முடியல, இல்லன்னும் சொல்ல முடியல. ஒனக்கு வேதாந்தத்துல இம்புட்டு நாட்டம் உண்டுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே! நீ ஏசி அறையில, விலைகூடின திரையில பாத்து வரைஞ்சிருப்பே. இங்க அதைச் சித்திரை வெயில்ல, கீறல் விழுந்த போன்ல, கண்புரை அறுத்த கண்ணால பாக்கணும். இதுக்கெல்லாம் கணக்கு உண்டாமேய்யா. வலைக்கு விதி எழுதுற டபிள்யூ த்ரீ சி காரவுக 2008-லயே எழுதி வச்சிருக்காக. வெள்ளைத் தாள்ல கறுப்பு எழுத்துன்னா வித்தியாசம் 21க்கு 1. சாதாரண எழுத்துக்குக் குறைஞ்சது 4.5க்கு 1 இருக்கணும், பெருசா எழுதினா 3க்கு 1 போதும். ஒன் சாம்பலை ஒந் தங்கச்சி அளந்து பாத்தா, மூணுகூடத் தேறல. பள்ளிக்கூடத்துலயும் நீ அப்படித்தான், பாஸ் மார்க்குக்குக் கொஞ்சம் முன்னாலயே நின்னுக்கிடுவே.

பேரு விசயத்துக்கு வாறேன். முதல் பேருக்கு ஒரு கட்டம், கடைசிப் பேருக்கு ஒரு கட்டம். ரெண்டும் கட்டாயம்னு செவப்பு நட்சத்திரம் வேற. நமக்கு ஏதுய்யா கடைசிப் பேரு? அப்பன் பேருல ஒரு எழுத்தை முன்னால வச்சுக்கிட்டு ஒத்தப் பேரோட பொழச்சுக் கெடக்கோம். சரி, அந்த எழுத்தையே கடைசிக் கட்டத்துல போடுவோம்னு போட்டா, ரெண்டு எழுத்துக்குக் கொறையப்படாதுங்குது. புள்ளி வச்சா, புள்ளி ஆகாதுங்குது. கடைசியில எங்க அய்யா பேரை முழுசாப் போட்டு விட்டேன். அன்னையில இருந்து தெனமும் வெள்ளன ஒரு மெயில் வருது. எங்க அய்யா பேரைச் சொல்லி வணக்கம் வச்சு, செருப்பு தள்ளுபடியில வேணுமான்னு கேக்குது. மனுசன் காலம்பூரா வெறுங்காலோட ஏர் பிடிச்சவரு. உசிரோட இருந்தப்ப ஒருத்தனும் கேக்கல, போய்ச் சேந்தப்புறம் கேக்காக.

இதைக் கெழவன் தமாசுன்னு தள்ளிராத. 2022 நவம்பர்ல ஐக்கிய அரபு அமீரகத்துக்காரவுக, பாஸ்போர்ட்டுல ஒத்தப் பேரு மட்டும் இருந்தா விசிட் விசாவுல உள்ள விட மாட்டோம்னுட்டாக. பெறகு, பாஸ்போர்ட்டுல அப்பா பேரோ குடும்பப் பேரோ எங்கயாவது இருந்தாச் சரிதான்னு எறங்கி வந்தாக. அதுக்குள்ள எத்தனை குடும்பம் டிக்கெட்டைக் கையில வச்சுக்கிட்டு முழிச்சிருக்கும்! எங்கயோ ஒருத்தன் தன் ஊர் வழக்கத்தை வச்சு ரெண்டு கட்டம் போட்டான். அதை நீயும் அப்படியே எடுத்துப் போட்டுட்டே. நீயே ஒத்தப் பேருக்காரன்தானடா! இங்கிலாந்து அரசாங்கத்துத் தளத்துல வேலை செய்யுதவுக, முழுப் பேருக்கு ஒரே கட்டம் வச்சா எல்லா வகைப் பேரும் அடங்கும்னு எழுதி வச்சிருக்காகளாம். வெள்ளைக்காரனுக்கு நம்ம இனிஷியல் புரியுது, நம்ம வீட்டுப் பிள்ளைக்குப் புரியல.

அதே ஆளுகதான் பொறந்த தேதிக்கு நாள், மாசம், வருசம்னு மூணு சின்னக் கட்டம் வச்சு, தட்டிட்டுப் போகச் சொல்லுதாக. நீ என்ன பண்ணியிருக்கே? ஒரு நாள்காட்டி தொறக்குது. தொறந்ததும் இந்த மாசம் வந்து நிக்கி. பின்னால போகணும்னா இடது அம்பை அமுக்கணும், ஒரு அமுக்குக்கு ஒரு மாசம். எழுவத்தஞ்சு வயசுக்காரனுக்குக் கணக்குப் போட்டுப் பாரு, 900 அமுக்கு. நேரு காலத்துக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள விரல் ரேகை அழிஞ்சுரும். பெறகு ரேசன் கடையில கைரேகை விழாது.

எனக்கு நெசமாவே வயித்தெரிச்சல் எதுலன்னா, அந்தப் பின்கோடு. அது எங்க தபால் துறை பெத்த பிள்ளை. 1972 ஆகஸ்ட் 15-ல வந்துச்சு. ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர்னு ஒரு அதிகாரி, சமஸ்கிருதத்துல கவிதை எழுதுறவரு, அவரு யோசிச்சுக் கொண்டாந்தது. ஆறே எண்ணு. முதல் எண்ணு 6-ன்னா தமிழ்நாடு, கேரளா பக்கம். முதல் ரெண்டைப் பாத்தா அநேகமா எந்த மாநிலம்னு தெரிஞ்சு போகும். மூணாவதையும் சேத்தாத் தபால் பிரிக்கிற மாவட்டம் தெரியும், 628-ன்னா தூத்துக்குடிச் சீமை. கடைசி மூணு எந்த ஆபீசுன்னு சொல்லிரும். இம்புட்டையும் ஒரு கைக்குள்ள அடக்கி அவரு குடுத்திருக்க, நீ பின்கோடை வாங்கி வச்சுக்கிட்டு, பெறகு எந்த நாடு, எந்த மாநிலம், எந்த மாவட்டம்னு வரிசையாக் கேக்கே. நாட்டுப் பட்டியல் ஆப்கானிஸ்தான்ல ஆரம்பிக்கி. நான் ஊர் ஊராத் தள்ளிக்கிட்டு இந்தியாவுக்கு வந்து எறங்கணும். கூலி வேலைக்குப் போற பொம்பளை ஒரு நாள் சம்பளத்தை விட்டுட்டு இந்தப் பயணம் போகணுமா? ஒருக்கா சொன்னதைத் திரும்பவும் கேக்காத, நீயே நிரப்பிக் குடுன்னு டபிள்யூ த்ரீ சி 2023 அக்டோபர்ல சேத்த புது விதியிலயே இருக்காம்.

பெறகு அந்த அவசரம். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுறதுக்குள்ள நேரம் முடிஞ்சு போச்சுங்குது. ஓடிபி வேற ஒங்க மாமன் போனுக்குப் போகுது, நம்பரு அவந்தான குடுத்தான். அவன் திருப்பூர்ல தையல் மிசினு சத்தத்துக்கு நடுவுல போனை எடுத்து, எண்ணைப் படிச்சுச் சொல்லி முடிக்கையில இங்க பக்கம் வெள்ளையாப் போயிருது. எழுதினது அம்புட்டும் காலி. நேரம் முடியப்போகுது, இன்னும் வேணுமான்னு முன்னாலயே ஒரு வார்த்தை கேக்கணும், பதில் சொல்ல குறைஞ்சது 20 வினாடியாவது விடணும்னு விதி இருக்காமே. வட்டிக்குக் குடுத்தவன்கூட அம்புட்டுத் தவணை தாறான்.

தப்பு வந்தா நீ எழுதுற வாசகம் இருக்கே, அது தனி அழகு. ‘தவறான உள்ளீடு’. எந்த இடத்துல தவறு, என்ன தவறு, எப்படித் திருத்த, ஒரு தாக்கலும் கெடையாது. என்ன தப்புன்னு சொல்லு, திருத்த வழியும் சொல்லுன்னு ஜேக்கப் நீல்சன்னு ஒரு டென்மார்க்கு மனுசன் 1994-ல பத்து விதி எழுதினப்பவே அதுல ஒண்ணாச் சேத்தாரு. அந்தப் பத்தும் ஒன் மேசைக்கு மேல ஒட்டியிருக்குன்னு ஒந் தங்கச்சி சொன்னா. சாமி படத்துக்குப் பக்கத்துலயா ஒட்டியிருக்கே? தெனமும் கும்பிட்டுக்கோ, படிச்சுராத.

கடவுச்சொல்லுல ஒரு பெரிய எழுத்து வேணும், ஒரு சின்ன எழுத்து, ஒரு எண்ணு, ஒரு கிறுக்கல் குறி, மூணு மாசத்துக்கொருக்கா மாத்தவும் வேணும். இந்த யோசனையை 2003-ல அமெரிக்க அரசாங்கத்து நிஸ்ட் நிறுவனத்துக்காக எழுதினவரு பில் பர். அவரே 2017-ல, நான் சொன்னதுல பெரும்பகுதிக்கு இப்ப வருத்தப்படுதேன்னு பத்திரிகைக்காரங்ககிட்ட சொல்லிட்டாரு. அந்த வருசமே நிஸ்ட்டும் விதியை மாத்திருச்சு, கட்டாயப்படுத்தாத, நீளமா வச்சுக்கிடட்டும்னு. எழுதினவரு கையைக் கழுவிட்டுப் போய்ட்டாரு. நீ இன்னும் அவரு எச்சித் தட்டைக் காத்துக்கிட்டு இருக்கே.

எல்லாம் தாண்டினா, நீ மனுசந்தான்னு நிரூபின்னு வந்து நிக்கி. ஒன்பது படம் காட்டி, இதுல தெருவோரத் தீயணைப்புக் குழாய் எது எதுன்னு கேக்குது. அது அமெரிக்கத் தெருவுல நிக்கிற குழாய், நான் எங்கய்யா பாத்தேன்? இங்க தீப்பிடிச்சா வாளி எடுத்துக்கிட்டுக் கம்மாய்க்கு ஓடுவோம். கம்மாயை ஒரு படம் காட்டச் சொல்லு, நான் மனுசன்னு உடனே நிரூபிக்கேன். இதுல இன்னொரு சூது. முன்னால கோணல் எழுத்தைக் காட்டிப் படிக்கச் சொன்னாகல்லா, லூயிஸ் வான் ஆன் ஆரம்பிச்ச ரீகேப்சா, அதுல சனங்க தட்டின எழுத்தை வச்சுத்தான் நியூயார்க் டைம்ஸ் பழைய பேப்பரையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தினாகளாம். 2009-ல கூகுள் அதை வெலைக்கு வாங்கிருச்சு. உலகம் பூராவும் கூலியில்லாம வேலை செஞ்சிருக்கு, கூட ‘நீ மனுசனா’ன்னு ஒரு கேள்வியும் வாங்கிக்கிட்டு.

தமிழ் பொத்தான் வச்சிருக்கே, சந்தோசம். பாதிப் பாரம் நிரப்பினப்புறம் அதைத் தொட்டா, முதல் பக்கத்துல கொண்டாந்து விடுது. கட்டத்தோட உயரத்தை இங்கிலீசு எழுத்துக்கு அளந்து வெட்டியிருக்கே போல, நம்ம ‘கி’க்குக் கொண்டை போச்சு, ‘கு’வுக்குக் கால் போச்சு. வேற ஒண்ணும் சொல்லல.

ஏமாத்துற சோலி மட்டும் வேண்டாம்யா. ஒன் தளத்துலயும் ஒண்ணு ரெண்டு கண்ணுல பட்டுச்சு. வேணும்ங்கிறதுக்கு உள்ளங்கை அகலத்துல பச்சைப் பொத்தான், வேண்டாங்கிறதுக்கு எள்ளு அளவுல ஒரு எழுத்து. நான் கேக்காமலே இன்சூரன்சுக்கு டிக் அடிச்சு வச்சிருக்கே. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல இதையெல்லாம் 13 வகையாப் பிரிச்சு, செய்யப்படாதுன்னு விதி போட்டிருக்கு. இல்லாத அவசரத்தைக் காட்டுறது, கூடையில நைசா ஒரு சாமானைத் தள்ளுறது, வேண்டாம்னவன வெக்கப்பட வைக்கிறது, சேந்தவன் வெளிய வர முடியாதபடி பூட்டுறதுன்னு பட்டியல் போகுது. ஹாரி பிரிக்னல்னு ஒரு இங்கிலாந்துக்காரரு 2010-ல இந்தத் தில்லுமுல்லுகளைச் சேத்துப் பேரு வச்சு ஊருக்குச் சொன்னாரு. ஒனக்கு மேல உக்காந்திருக்கவன் போடச் சொன்னான்னு சொல்லுவே. சரிதான். என் காலத்துலயும் மேல ஒருத்தன் உக்காந்துதான் இருந்தான். எல்லாத்துக்குமா தலையாட்டினேன்?

இப்ப ஒரு ரகசியம் சொல்லுதேன், பக்கத்துல வா. ஒன் தளம் நம்மூர்ல நல்லாத்தான் ஓடுது. எப்படித் தெரியுமா? பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில ஒரு பிள்ளை உக்காந்திருக்கா. ஊர்ல யாருக்கு எது ஆகணும்னாலும் ஆதாரைத் தூக்கிக்கிட்டு அவகிட்டதான் போறாக. அவளுக்குத் தெரியும், ஒன் பக்கத்துல எந்தப் பொத்தானை ரெண்டு தடவை அமுக்கணும், எது பொய்ப் பொத்தான், எந்தக் கட்டத்துல புள்ளி வைக்கப்படாது, எத்தனை மணிக்கு சர்வர் தூங்கும்னு. கடைசிப் பேரு இல்லாதவுகளுக்கெல்லாம் ஒரு பேரு வச்சு விடுதா. பாதி ஊருக்கு அவ மெயில்தான் மெயில். கடவுச்சொல்லுகளை எழுதி வைக்க ஒரு நீளக் கணக்கு நோட்டு போட்டிருக்கா, ஊரோட உசிரு பூராவும் அதுலதான் இருக்கு. ஒங்க பாதுகாப்பு நிபுணர் அந்த நோட்டைப் பாத்தா அங்கனயே மயங்கி விழுந்துருவாரு. ஆனா அந்த நோட்டை எழுத வச்சது அவருதான்.

ஆளுக்கு அம்பது ரூவா வாங்குதா. நியாயமான கூலி, நான் அவளைச் சொல்லல. ஒங்க கம்பெனிக்காரவுக வருச அறிக்கையில என்ன எழுதுவாக? கிராமத்துல இம்புட்டு ஆயிரம் பேரு டிஜிட்டலுக்கு மாறிட்டாகன்னு எழுதுவாக. மாறினது ஒரே ஒரு பிள்ளை. நீ அழகு பாத்து விட்ட ஒவ்வொரு ஓட்டைக்கும் இந்த ஊர் சனம் அவ மேசையில அம்பது அம்பது ரூவாயாத் தெண்டம் கட்டுது. நீ பொன்னாடை வாங்கினா அதுல பாதியை அறுத்து அவளுக்குக் குடு.

நமக்காவது போறதுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கு. ஆசிட் வீச்சுல முகமும் கண்ணும் வெந்துபோன பெண்களைக் கேமராவுக்கு முன்னால நிறுத்தி, கண்ணைச் சிமிட்டினாத்தான் நீ உசிரோட இருக்கேன்னு நம்புவேன்னுச்சாம் பேங்கு வேலைக்கு ஆளை அடையாளம் பாக்குற கேஒய்சி. சிமிட்ட இமை வேணும்லா? அவுகளும், கண் தெரியாத ஒரு வக்கீலும் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போனாக. 2025 ஏப்ரல் 30-ல பர்திவாலா, மகாதேவன்னு ரெண்டு நீதிபதிக தீர்ப்புச் சொன்னாக. டிஜிட்டல் வசதியை எட்டிப்பிடிக்கிற உரிமை, அரசியல் சாசனத்து 21-ஆவது பிரிவு சொல்ற உயிர் வாழ்ற உரிமையில சேத்திங்காக. 20 உத்தரவு போட்டிருக்காக. இந்த இடத்துல எனக்குக் கேலி வரலய்யா.

நீ கேப்பே, அப்ப என்னதான் செய்யச் சொல்லுதே தாத்தான்னு. புத்தகம் வேண்டாம். ஸ்டீவ் க்ரூக்னு ஒருத்தர் 2000-ல எழுதின புத்தகத்தோட பேருக்கே ‘என்னை யோசிக்க வைக்காதே’ன்னுதான் அர்த்தம். அட்டையை மட்டும் படிச்சா ஒனக்குப் போதும். முன்ன சொன்னேனே நீல்சன், அவரும் அதே 2000-ல ஒரு கணக்குச் சொன்னாரு. அஞ்சே அஞ்சு பேரை உக்கார வச்சு, தளத்தைக் குடுத்து, வேலையைச் சொல்லிட்டுப் பாரு. இருக்கிற குறையில நூத்துக்கு எம்பத்தஞ்சு அங்கனயே வெளிய வந்துரும்னாரு. அஞ்சு பேரு காணாதுன்னு சண்டைக்கு வந்தவுகளும் உண்டு. அந்தச் சண்டையெல்லாம் ஒருத்தரையாவது உக்கார வச்சுப் பாத்தவனுக்குத்தான். நீ எத்தனை பேரைப் பாத்தே? ஒங்க ஆபீசுல, ஒன் பக்கத்து நாற்காலிக்காரன, அதுவும் டீ குடிக்கையில.

ஆளு தேட வேண்டாம், நான் பிடிச்சுத் தாறேன். பால் சொசைட்டிக்காரரு ஒருத்தரு, சத்துணவு ஆயா, ஒரு கண்ணு மங்கின எங்க கூட்டாளி, பன்னெண்டாவது முடிச்ச பிள்ளை ஒண்ணு, அஞ்சாவது ஒங்க ஆச்சி. ஜெராக்ஸ் கடைப் பிள்ளையைச் சேக்காத, அவளுக்கு எல்லாம் தெரியும். நீ பின்னால ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காரு. அவுகளுக்குச் சோலியை மட்டும் சொல்லு, பணம் கட்டுங்க அம்புட்டுத்தான். பெறகு ஒன் வாய்க்குப் பூட்டு. அந்த மூணு கோட்டைத் தொடுங்கன்னு வாய் வரைக்கும் வரும், முழுங்கு. விரல் எங்க போகுது, எங்க நிக்கி, எந்த இடத்துல ‘சவத்தைத் தூக்கிப் போடு’ன்னு சொல்லுதாகன்னு மட்டும் எழுதிக்கிடு. அவுக தப்பா அமுக்கினா, தப்பு பண்ணிட்டேனாய்யான்னு ஒன்னைத் திரும்பிப் பாப்பாக, நம்ம சனம் அப்படித்தான், எதுக்கும் தன்னையே குத்தம் சொல்லும். அப்பவும் நீ தலையை ஆட்டப்படாது, கண்ணைக் காட்டப்படாது.

வர்ற ஞாயித்துக்கெழமை வந்துரு. ஒங்க ஆச்சிகிட்ட இப்பவே சொல்லி வச்சிருக்கேன், பேரன் கம்ப்யூட்டர்ல பரீச்சை வைக்கப் போறான்னு. பரீச்சை ஒனக்குத்தான்னு சொல்லல. அவ கட்டம் நிரப்பிக்கிட்டே நடுவுல திரும்பி, கல்யாணம் எப்பம்னு கேப்பா. அதுக்கு மட்டும் நீ பதில் சொல்லலாம்.